குழந்தை என்றே போடுங்கள்

ஜூலை 8, திங்கள்

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி மாடிப்படி ஏறி வந்தாள். பெயர் மேகலா, வயது இருபத்து நான்கு. புகுந்த வீடு மணப்பாறை. இப்போது திருவெறும்பூரில் அக்கா வீட்டில் இருக்கிறாள். திருநங்கைகளுக்காக நான் நடத்திய ஒரு வழக்கைப் பற்றி யாரோ சொல்ல, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நாற்காலியில் உட்காரும் முன்பே குழந்தையை என் மேஜையில் கேஸ் கட்டுகளுக்கு நடுவே படுக்க வைத்துவிட்டாள். ஐந்து மாதம். ஒரு கட்டின் நாடாவைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.

கணவன் நல்லசிவம் குடும்ப நல நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறான். 'ஆண் குழந்தைக்கு' அவசர சிகிச்சை தேவை, தாய் மறுக்கிறாள், குழந்தையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று.

பிறந்த அன்று நர்ஸ் பெண் என்று சொன்னாராம். மறுநாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, பரிசோதனைகள் வேண்டும் என்றாராம். அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். கணவன் வீட்டில் ஆண் என்று முடிவு செய்து அமுதன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேகலா அமுது என்று கூப்பிடுகிறாள். நல்லசிவம் போர்வெல் வண்டியில் வெளி மாநிலங்களுக்குப் போகிறவன். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் 'கத்தி வைத்துச் சரி பண்ணிவிடலாம்' என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய இந்த அறுவையைக் கைக்குழந்தைக்குச் செய்யக் கூடாது என்று தமிழ்நாட்டில் அரசாணை உண்டு. எல்லை தாண்டிவிட்டால் அது செல்லாது. அதனால் மேகலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

"அதுக்கு எங்கயும் வலிக்கல மேடம். பால் குடிக்குது, ஒண்ணுக்குப் போவுது, சிரிக்குது. வலிக்காத எடத்துல எதுக்குக் கத்தி வெக்கணும்?" என்றாள்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன். கிளம்பும்போது, "நீங்க ஒருத்தர்தான் மேடம் கேக்கல" என்றாள்.

"என்ன?"

"பையனா பொண்ணான்னு."

அவள் உள்ளே நுழைந்ததிலிருந்து என் நாக்கு நுனியில் அந்தக் கேள்விதான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்வர்ட்டர் சரிசெய்ய வருகிறேன் என்றவர் வரவில்லை. கட்டுகளைத் தூக்கியதில் மணிக்கட்டு வலி. போன வருஷம் படியில் லேசாகத் தடுக்கியதற்கே உடைந்த கை இது. மாத்திரை தீரப்போகிறது, வாங்க வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

டாக்டர் ரெஹானாவைப் பார்த்தேன். அமுதுவைப் பரிசோதித்துவரும் ஹார்மோன் நிபுணர். மேகலா சம்மதக் கடிதம் கொடுத்திருந்ததால் எல்லாவற்றையும் சொன்னார். அமுதுவின் உடலைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. வழக்குக்குத் தேவையானது ஒன்றுதான்: குழந்தை ஆரோக்கியமாக இருக்கிறது. மருந்து கூட வேண்டாம்.

மற்றவற்றை எழுதலாம். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினார். கருவில் முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். அப்புறம்தான் இரண்டு பக்கமாகப் பிரியுமாம். சிலருக்கு வெளியே ஒரு பக்கமும் உள்ளே இன்னொரு பக்கமுமாக அமைந்துவிடும், சிலருக்கு இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடும் என்றார். பள்ளிக்கூடத்தில் இதயத்துக்கு நாலு அறை, தவளைக்கு மூணு அறை என்றெல்லாம் படம் வரைந்தோமே, இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். சிரித்தார்.

"முன்னாடியெல்லாம் பெத்தவங்களுக்கே முழுசா சொல்ல மாட்டாங்க மேடம். சில பெண் குழந்தைகளுக்கு அடிவயித்துல ரெண்டு பக்கமும் வீக்கம் வரும். ஹெர்னியான்னு நெனச்சு சர்ஜன் திறந்து பாப்பாரு. உள்ள இருக்கறது குடல் இல்ல, விரை. எடுத்துட்டு, ஹெர்னியா ஆபரேஷன்னு சொல்லி அனுப்பிருவாங்க. பதினாறு வயசுல, பொண்ணு இன்னும் வயசுக்கு வரலையேன்னு கூட்டிட்டு வருவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஆயுசுக்கும் ஹார்மோன் மாத்திரைதான்."

"எலும்பு?"

"எலும்பு பலவீனமாகும், கவனிக்கணும்." என்னைப் பார்த்தார். "இது கேஸுக்கா மேடம்?"

பொதுவாகத் தெரிந்துகொள்ளலாம் என்று கேட்டேன் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

அம்மாவுக்கு போன் செய்தேன். புதுக்கோட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய், புளி விலை எல்லாம் பேசினோம். நடுவில், "அம்மா, எனக்கு ஆறு வயசுல ஒரு ஆபரேஷன் ஆச்சே, அது என்னது?" என்று கேட்டேன்.

"குடலிறக்கம்தான். அதான் சொல்லியிருக்கேனே."

"ரெண்டு பக்கமுமா இறங்குச்சு?"

"அடுப்புல பால் வெச்சிருக்கேன் ஆத்தா" என்று வைத்துவிட்டாள்.

வேறு ஒன்றுமில்லை. சும்மா தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கேட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

இன்வர்ட்டர் சரியானது. எதிருரை தட்டச்சு முடிந்தது. முழுக்க 'குழந்தை', 'அது' என்றே எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதும்போது இது எவ்வளவு சுலபம். கைக்குழந்தையை எல்லோரும் 'அது' என்றுதான் சொல்கிறோம். எந்த வயதில் 'அது' அவனாகவோ அவளாகவோ மாறுகிறது, யார் மாற்றுகிறார்கள் என்று கீழே ஜெராக்ஸ் கடையில் நின்றபோது யோசித்தேன். பிரதி எடுத்துக் கொடுத்த பெண் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

ஜூலை 19, வெள்ளி

முதல் வாய்தா. நல்லசிவத்துக்காக ஆஜராகிறவர் அந்தோணிராஜ் சார். நல்ல மனிதர், குரல் மட்டும் பெரிசு. குழந்தையின் எதிர்காலம், படிப்பு, கல்யாணம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, நீதிபதி கை காட்டி நிறுத்தினார். ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மனுவுல ஆண்னு இருக்கு, உங்க எதிருரையில ஒண்ணுமே இல்ல. மொதல்ல இதச் சொல்லுங்க, ஆணா பெண்ணா?"

ஜீவனாம்ச வழக்குக்காகக் காத்திருந்தவர்கள், ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த குமாஸ்தா, வாசலில் நின்ற போலீஸ்காரர், எல்லோரும் தலையைத் தூக்கிவிட்டார்கள். மேகலாவின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் சேலைத் தலைப்பை இழுத்து அதன் மேல் மூடினாள். குளிருக்கு மூடுவது போலத்தான் மூடினாள். இந்த வேலைக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் மீது எத்தனையோ பேருடைய கண்கள் விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து மாதக் குழந்தைமேல் விழுந்து இன்றுதான் பார்த்தேன்.

"யுவர் ஆனர், தேவைப்பட்டா மூடின அறையில டாக்டர் சொல்லுவாங்க. இந்த மனுவ முடிவு பண்ண அது தேவையில்லைங்கறது என் வாதம்."

"தெரியாம எப்படிம்மா முடிவு பண்றது?"

"குழந்தைக்கு நோய் இருக்கா, உயிருக்கு ஆபத்து இருக்கா, அவ்வளவுதான் கேள்வி. ஆண் குழந்தையா இருந்தாலும் பெண் குழந்தையா இருந்தாலும் அதுக்குப் பதில் ஒண்ணுதான்."

நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கோபமா என்று தெரியவில்லை. டாக்டர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும், அதுவரை குழந்தையை மாவட்டத்தைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவிட்டு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்.

தாழ்வாரத்தில் நல்லசிவம் தூணோடு சாய்ந்து நின்றான். முப்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த, கனமான கைகள். மேகலா கடந்து போனபோது ஒரு எட்டு முன்னால் வைத்தான், பிறகு நின்றுவிட்டான். அவன் அவளைப் பார்க்கவில்லை. தலைப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழந்தையின் காலைப் பார்த்தான்.

ஜூலை 20, சனி

நாள் முழுக்கத் தூக்கம். சலவைக்குப் போட்ட கவுன் வந்துவிட்டது, பொத்தான் இல்லாமல்.

ஜூலை 24, புதன்

நல்லசிவம் ஆபீசுக்கு வந்தான், தனியாக. எதிர்க்கட்சிக்காரரிடம் அவருடைய வக்கீல் இல்லாமல் நான் பேசக் கூடாது. அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு அந்தோணிராஜ் சாருக்கு போன் செய்தேன். "பேசுங்க மேடம். நான் சொல்றது எதுவும் அவன் காதுல ஏற மாட்டேங்குது. உங்கள நம்பறேன்" என்றார்.

உள்ளே வந்தும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"அது எப்படி இருக்குங்க மேடம்? காச்சல்னு கேள்விப்பட்டேன்."

"தடுப்பூசி போட்டாங்க, அதனால வந்த காய்ச்சல். இப்ப சரியாயிருச்சு."

"நான் கெட்டவன் இல்லீங்க மேடம். நான் படிச்ச ஸ்கூல்ல ஒரு பையன் இருந்தான். அவன் நடக்கறத, பேசறதப் பாத்து, நாலஞ்சு பேரு சேந்து பின்னால இழுத்துட்டுப் போயி டவுசர அவுத்துப் பாத்தாங்க. அவன் அழுதுக்கிட்டே வந்தான். வாத்தியாரு அவனத்தான் திட்டுனாரு. மறுநாள்லேருந்து அவன் வரவே இல்ல. எம்புள்ளைக்கு அது நடக்கக் கூடாது. அதுக்குத்தான் மேடம் சரி பண்ணிரலாம்னேன்."

தப்புச் செய்தது இழுத்துப் போனவர்கள், அந்தப் பையன் உடம்பு இல்லை என்று சொன்னேன். அவன் தலையாட்டினான். அது அவனுக்கும் தெரிந்திருந்தது, தெரிந்ததனால் பயம் குறையவில்லை.

"ஒண்ணு கேக்கலாங்களா மேடம்? இந்த மாதிரிப் பொறந்து பெரிசானவங்க யாராச்சும் இருக்காங்களா? நீங்க இந்த வேலையே பாக்கறீங்க, தெரிஞ்சிருக்கும். ஒருத்தர நான் கண்ணால பாக்கணும். எப்படிச் சாப்புடறாங்க, எப்படி இருக்காங்கன்னு பேசிப் பாக்கணும். நெட்டுல பாத்தா எல்லாம் ஆஸ்பத்திரிப் படமா வருது."

பார்க்கலாம், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவன் போன பிறகும் டம்ளர் நாற்காலிக்குக் கீழே இருந்தது. நல்ல கேள்வி. என்னிடம் வந்த எதிர்க்கட்சிக்காரர்களில் இப்படித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டு வந்தவர் வேறு யாருமில்லை.

ஜூலை 25, வியாழன்

மேகலாவிடம் சொன்னேன். குழந்தைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "அவரு கெட்டவரு இல்ல மேடம், பயந்தாங்கொள்ளி. கல்யாணத்தப்ப கேமராக்காரரப் பாத்தே பயந்தாரு" என்றாள். சிரிக்கவில்லை. யாராவது அவரிடம் பேசினால் நல்லதுதான், ஆனால் குழந்தையைக் காட்டிப் பேச வேண்டாம் என்றாள்.

பஸ்ஸிலும் கடையிலும் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வாய் என்று கேட்டேன். "மூஞ்சியப் பாத்துச் சொல்லிருவேன் மேடம். பால்காரர்கிட்ட பையன், பூக்காரம்மாகிட்ட பொண்ணு. ரெண்டு பேரும் ஒருநாள் பேசிக்கிட்டா மாட்டிக்குவேன்."

ஜூலை 29, திங்கள்

சென்னையில் இதே தளத்தில் வேலை செய்யும் தோழியிடம் கேட்டேன். அவள் இரண்டு பேரிடம் பேசிப் பார்த்தாள். ஒருவர், போன தடவை இப்படித்தான் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனேன், உடம்பைக் காட்டச் சொன்னார்கள், இனிமேல் முடியாது என்றாராம். கோயம்புத்தூரில் ஒருவர் சரி என்று சொல்லி, மறுநாள் மன்னிக்கணும் என்று செய்தி அனுப்பிவிட்டார். வற்புறுத்தாதே என்று சொல்லிவிட்டேன். அவர்கள் சொல்வது நியாயம்.

வாய்தா ஒன்பதாம் தேதி. வேறு யாரைக் கேட்பது.

ஜூலை 30, செவ்வாய்

ஒருவரும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது. பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள்.

ஒருவரும் கிடைக்கவில்லை என்று முந்தாநாள் எழுதியதை மறுபடி படித்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. புதுக்கோட்டைக்குப் போனேன். தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அம்மா அடுக்களையில் எலுமிச்சைச் சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவினேன்.

"அம்மா, அன்னிக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

எந்த டாக்டர் என்று கேட்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"மொதல்ல குடலிறக்கம்னுதான் உள்ள கொண்டுபோனாங்க. நடுவுல என்னைக் கூப்புட்டுச் சொன்னாரு, உள்ள இருக்கறது ஆம்பளப் புள்ளைக்கு இருக்கறதும்மா, எடுத்துட்டா பொண்ணாவே வளந்துரும், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு. எடுக்கலன்னா என்ன ஆகும்னு நான் கேக்கல ஆத்தா. எனக்குக் கேக்கத் தெரியல. அவரு நின்னுக்கிட்டு இருந்தாரு, நானும் நின்னுக்கிட்டு இருந்தேன். சரின்னுட்டேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"பாதி தெரியும்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

அம்மா என்னை நேராகப் பார்த்தாள். "நீ கேக்கலயே. ஊருக்கெல்லாம் குறுக்கு விசாரணை பண்றவ. பதினாறு வயசுலேருந்து மாத்திரை போடறே, எதுக்குன்னு ஒரு நாளும் கேக்கல. அப்புறம் இந்த மாதிரி ஆளுங்க கேஸா எடுத்து நடத்த ஆரம்பிச்சே. சரி, தெரிஞ்சுக்கிட்டா, எம் மேல கோவத்துல பேசாம இருக்கான்னு நெனச்சேன். வருஷா வருஷம் பயந்துக்கிட்டே இருந்தேன்."

தெரியும். எழுத்தில் பார்க்காததுதான் பாக்கி. இப்போது எழுதிவிட்டேன்: அமுது பிறந்த கூட்டத்தில் பிறந்தவள் நான். என்னைக் கேட்காமல் எடுத்தார்கள். அமுதுவின் உடம்பு வேறு மாதிரி, என் உடம்பு வேறு மாதிரி. கேட்காமல் செய்வது மட்டும் ஒன்று.

அம்மாமேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்ன சேலை கட்டியிருந்தாள், கூட யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள். தனியாகத்தான் இருந்தாளாம். தம்பி அப்போது வயிற்றில்.

மற்றவர்கள் வந்துவிட்டார்கள். சாப்பிட்டோம். சாதத்தில் உப்பு போட அம்மா மறந்திருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அந்தோணிராஜ் சாரிடம் சொல்லிவிட்டு நல்லசிவத்தை வரச் சொன்னேன். மாலை ஐந்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார், யாரோ பெரிய மனிதரைப் பார்க்கப் போவது மாதிரி. உள்ளே சுற்றிப் பார்த்தார்.

"அவங்க இன்னும் வரலீங்களா மேடம்?"

"வந்தாச்சு. நான்தான்."

புரியவில்லை. மறுபடி சொன்னேன். ஆறு வயதில் நடந்ததைச் சொன்னேன், பதினாறில் நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு கணம் அந்தப் பார்வை வந்தது, கண் கீழே இறங்கப் பார்த்தது. உடனே அவரே தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். "மன்னிச்சுருங்க" என்றார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் கேட்க ஆரம்பித்தார். அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா. ஓடி விளையாடுவீர்களா. அம்மா உங்களை அடிப்பார்களா. பஸ்ஸில் எங்கே உட்காருவீர்கள். தனியாக இருப்பது கஷ்டமா. ஒருவரைப் பிடித்துப்போய், சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்து நானே விலகிக்கொண்டதைச் சொன்னேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

"அறுக்காம விட்டிருந்தா நீங்க என்னவா இருந்திருப்பீங்க மேடம்?"

"தெரியாது. எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைதான். அந்த வழியே இல்லாம பண்ணிட்டாங்க."

யோசித்தார். பிறகு கேட்டார்.

"ஆனா மேடம், அறுத்தும் நீங்க நல்லாத்தானே இருக்கீங்க? வக்கீலா இருக்கீங்க. நாலு பேரு மதிக்கறாங்க. எம்புள்ள இப்படி வந்தா எனக்குப் போதுமே."

எத்தனையோ சாட்சிகளை மடக்கியிருக்கிறேன். இவரிடம் மடங்கிப்போனேன். மாத்திரை, எலும்பு என்று ஏதோ சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. கடைசியில், "நல்லாத்தான் இருக்கேன். இருந்தாலும் என் உடம்புல நடந்த பெரிய காரியத்துக்கு நான் மட்டும் ஊர்ல இல்லாத மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் எழுந்தார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 7, புதன்

காரியத்தைக் கெடுத்துவிட்டேன். அவருக்கு வேண்டிய உதாரணத்தை நானே கொடுத்திருக்கிறேன்: அறுவை செய்தும் நன்றாக இருக்கும் ஒரு வக்கீல். அவர் இதை அந்தோணிராஜ் சாரிடம் சொல்லி, அவர் வெள்ளிக்கிழமை எழுந்து, எதிர்த்தரப்பு வக்கீலுக்கே இதில் சொந்த விவகாரம் இருக்கிறது என்றால்? அந்த ஹாலில் அத்தனை தலைகளும் தூக்கிப் பார்க்கும். இந்த முறை என்னை.

மேகலாவிடம் மட்டும் சொன்னேன். அவள் வழக்கு, அவளுக்குத் தெரிய வேண்டும். வேறு வக்கீல் வைத்துக்கொள் என்றும் சொன்னேன். போனில் குழந்தையின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "நாளைக்கு வத்தக் கொழம்பு எடுத்துட்டு வரேன் மேடம், சாப்பாடு கொண்டு வராதீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

டாக்டர் ரெஹானா கூண்டில் ஏறினார். என் கேள்விகள் முடிய நேரம் ஆகவில்லை. உயிருக்கு ஆபத்து இல்லை. நோய் இல்லை. அவசரம் இல்லை.

அந்தோணிராஜ் சார் எழுந்தார். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"யுவர் ஆனர், என் கட்சிக்காரர் தானே ரெண்டு கேள்வி கேக்கணும்ங்கறார். நான் வேண்டாம்னேன். சொல்றதக் கேக்க மாட்டேங்கறார். கோர்ட் அனுமதிச்சா."

நீதிபதி தலையசைத்தார். நல்லசிவம் முன்னால் வந்தார்.

"டாக்டரம்மா, இப்ப ஒண்ணும் பண்ணாம விட்டு, பெரிசானப்பறம் அதுவே எனக்கு வேணும்னு கேட்டா, அப்ப ஆபரேஷன் பண்ண முடியுங்களா?"

"முடியும்."

"இப்ப பண்ணிட்டு, பெரிசானப்பறம் ஏன் பண்ணீங்கன்னு கேட்டா, திருப்பி வெக்க முடியுங்களா?"

"முடியாது."

அவர் நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார். "அப்ப நான் எதுக்குங்கம்மா அவசரப்படணும்? அந்த நாளு குறிச்சது வேண்டாங்க. மனுவ வாபஸ் வாங்கிக்கறேன். புள்ளைய மட்டும் பாக்கணும்."

அந்தோணிராஜ் சார் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நல்லசிவம் சொல்லவில்லை.

நீதிபதி மேகலாவைக் கேட்டார். திரும்பிப் போவதைப் பற்றி இப்போது சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கட்டும், வக்கீல் ஆபீசில் வைத்து, என்றாள். நல்லசிவத்தின் முகம் சுருங்கியது. அவளும் வருவாள் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் சரி என்றார். உள்ளூரிலோ வெளியூரிலோ அறுவை எதுவும் செய்வதில்லை என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள்.

உத்தரவை நீதிபதி சொல்லச் சொல்ல ஸ்டெனோ தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, "மேடம், ஆண் குழந்தையா பெண் குழந்தையா, எப்படிப் போடறது?" என்றார்.

எல்லோரும் மறுபடி தலையைத் தூக்கினார்கள். நீதிபதி என்னைப் பார்த்தார், பிறகு மேகலாவை, பிறகு குழந்தையை. அது அவருடைய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான், அது முகத்திலேயே தெரிந்தது.

"குழந்தைன்னே போடுங்க" என்றார்.

ஆகஸ்ட் 10, சனி

தலைவலி. அம்மாவுக்கு போன் செய்து வழக்கு முடிந்ததைச் சொன்னேன். "அந்தப் புள்ள தப்பிச்சுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்புறம் இரண்டு பேரும் வைக்காமல் சும்மா இருந்தோம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முதல் சந்திப்பு. மேகலா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, கீழே அக்காவோடு இருப்பதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டாள். நல்லசிவம் கை கழுவினார். போதாது என்று மறுபடி கழுவினார். குழந்தையை வாங்கியபோது, ஒரு கிரீஸ் டப்பாவைப் பிடிப்பதுபோல முன்னால் நீட்டிப் பிடித்தார். நான் காட்டிக் கொடுத்ததும் தோளில் சாய்த்துக்கொண்டார். அது அவர் காலரைச் சப்பியது.

"மறந்துருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

"மறந்துதான் இருக்கும். மறுபடி பழகிக்கும்."

கொஞ்ச நேரம் அறைக்குள்ளேயே நடந்தார். பிறகு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். இந்த முறை நாற்காலியில் முழுசாக.

"மேடம், ஒண்ணு கேக்கணும். இது பெரிசானா, அதுவா வந்து கேக்கற வரைக்கும் நான் இருக்கணுமா, இல்ல நானே சொல்லிரணுமா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க."

"எந்த வயசுலங்க?"

"சரியா தெரியல. எனக்கு நாப்பத்து நாலு வயசுல சொன்னாங்க. அது கொஞ்சம் லேட்டு."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கின பிறகு குழந்தையை மடியில் உட்கார்த்தி, தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "இப்பவே ஆரம்பிச்சா என்ன? புரியாட்டியும் எனக்குச் சொல்லிப் பழகும்" என்றார். கேட்டது என்னை இல்லை. குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அமுது. நீ பொறந்த அன்னிக்கு அப்பா என்ன பண்ணேன் தெரியுமா..."

மீதியைக் கேட்க எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.